ஊருணியின் எல்லை எந்தப் படத்தில் இருக்கிறது? – வாசகர் கேள்வி, பதில்

அரசுத் துறைகள் பொதுவெளியில் வைத்திருக்கும் வரைபடங்களையும் இருப்பிடத் தரவுகளையும் ஊராட்சி, நகராட்சி அளவிலான முடிவுகளுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் ஊர் ஊருணி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது. கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் அந்த இடத்தில் புதர்தான் தெரிகிறது. அரசின் ஈரநில வரைபடத்தில் அது ஒரு புள்ளி மட்டுமே. கிராம சபையில் தூர்வாரும் தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். எந்தப் படத்தை எடுத்துச் செல்வது? – முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: கிடைக்கும் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் எது எதற்குச் சாட்சி என்பதைச் சபையில் பிரித்துச் சொல்லுங்கள்.

எல்லைக்குச் சாட்சி, ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் அளவோடு வரைந்து காட்டும் வருவாய்த் துறையின் புலப்படமும், புல எண் வாரியாக நிலத்தின் வகைப்பாட்டையும் பரப்பையும் சொல்லும் அ-பதிவேடும்தான். புல எண் தெரிந்தால் இவற்றைத் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையச் சேவையில் தேடிப் பார்க்கலாம். அங்கே கிடைக்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராமக் கணக்கில் இருக்கும். அந்தப் புல எண்ணுக்கு எதிரே அரசு புறம்போக்கு என்ற வகைப்பாடும், குறிப்பில் ஊருணி என்ற பதிவும், ஹெக்டேர்-ஏர் கணக்கில் பரப்பும் காணப்பட வேண்டும். இப்போது புழக்கத்தில் உள்ள பதிவுகள் 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக வந்தவை. அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் கேட்டுப் பெற முடிந்தால் இரண்டிலும் உள்ள பரப்பை ஒப்பிடுங்கள். இடையில் உட்பிரிவு செய்து ஒரு பகுதி வேறு வகைப்பாட்டுக்குப் போயிருந்தால், அது அந்த ஒப்பீட்டில்தான் வெளிப்படும்.

செயற்கைக்கோள் படம் நிலத்தின் இன்றைய நிலையைக் காட்டும், உரிமையைக் காட்டாது. நிலையைக் கூட, பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் சரியாகக் காட்டும். உங்கள் மாவட்டத்தில் மே மாதப் படத்தைப் பார்த்தால் பாதிக் கண்மாய்கள் வெறும் பொட்டலாகத் தெரியும்; சீமைக்கருவேலம் மண்டிய உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் உட்பரப்பை, கணினி வகைப்படுத்தும்போது புதர்க்காடு என்றே எழுதிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரி மாதங்களின் படங்களைப் பல ஆண்டுகளுக்கு எடுத்து, தண்ணீர் நின்ற பரப்பை ஒப்பிடுங்கள். கட்டணமின்றிக் கிடைக்கும் ஐரோப்பிய சென்டினல்-2 படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஒரு சென்டில் எழுந்த கொட்டகையை அதில் தேடுவது வீண் வேலை. ஊருணி மொத்தமாக எவ்வளவு சுருங்கியது என்று காட்ட அது போதும்.

இனி அந்தப் புள்ளிக்கு வருவோம். அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011-இல் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு 1:50,000 அளவையில், அதாவது படத்தின் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டராக, வரையப்பட்டது. அந்த அளவையில் 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்பதே எல்லை வரையத்தக்க மிகச் சிறிய கட்டம். தரையில் அது 150 மீட்டர் சதுரம், 2.25 ஹெக்டேர். அதற்குக் குறைந்தவை எல்லாம் புள்ளிகளாக்கப்பட்டன. நாடு முழுவதும் அப்படிப் புள்ளியானவை 5.5 லட்சத்துக்கு மேல். வரைபவரின் வசதிக்காக வந்த இந்த வரம்பு, பிறகு சட்டப் பாதுகாப்பின் வரம்பாகவே மாறியது. 2017-இல் உச்ச நீதிமன்றம் பாதுகாக்கச் சொன்ன 2,01,503 ஈரநிலங்கள், அந்தத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாக எண்ணப்பட்டவை. ஒரு படத்தின் அளவை எப்படிக் கொள்கையின் அளவாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைக் கேட்டதும் ஈரநிலப் படத்தைத் திருத்தச் சொல்லிப் போராடத் தோன்றும். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. ஊருணி குடிநீருக்கென வெட்டப்பட்டது. உங்கள் வலு அ-பதிவேட்டில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. புலப்படங்கள் சங்கிலி பிடித்து அளந்து வரையப்பட்டவை. அட்சரேகை, தீர்க்கரேகையோடு பிணைக்கப்பட்டவை அல்ல. அவற்றைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது சில மீட்டர் நகர்ந்து உட்காருவது சாதாரணம். கைபேசியின் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே 5 மீட்டர் அளவுக்குப் பிசகும். இந்தப் பொருத்தத்தை மட்டும் நம்பி, இன்னார் வீட்டுச் சுவர் ஊருணிக்குள் நிற்கிறது என்று சபையில் சொல்லிவிடாதீர்கள். தீர்மானத்தின் முதல் பகுதி, நில அளவரைக் கொண்டு அளந்து கல் நட வேண்டும் என்பதாக இருக்கட்டும். தூர்வாருதல் இரண்டாவதாக வரட்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் செய்த பணிகள் 2016 முதல் இருப்பிடக் குறியீட்டோடு இஸ்ரோவின் புவன் தளத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. 2017 நவம்பருக்குப் பிந்தைய பணிகளுக்குத் தொடங்குமுன், நடக்கும்போது, முடிந்தபின் என மூன்று நிலைப் படங்கள் எடுக்கப்பட வேண்டும். உங்கள் ஊருணி ஏற்கெனவே தூர்வாரப்பட்டதாக அங்கே ஒரு குறி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால், சபையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40,000 ஏரிகள் இருப்பதாகப் பாடநூலில் படித்தோம். மத்திய அரசின் நீர்நிலைக் கணக்கெடுப்போ 1 லட்சத்துக்கு மேல் என்கிறது. எது சரி? – முதுகலை மாணவி, மதுரை

பதில்: இரண்டும் சரி. எண்ணப்பட்ட பொருள்தான் வேறு. முதல் எண் பாசன ஏரிகளைக் குறிக்கிறது. 2023-இல் ஜல சக்தி அமைச்சகம் வெளியிட்ட நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு ஏரி, குளம், குட்டை, ஊருணி என்று தண்ணீரைத் தேக்கும் எல்லாவற்றையும் எண்ணியது. நாடு முழுவதற்குமான மொத்தம் 24.24 லட்சம். அந்தக் கணக்கில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை பதியப்பட்டிருப்பதால், எண்ணைவிட இருப்பிடமே நமக்குப் பெரிய லாபம்.

ஆனால் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை வெறும் கணக்கு வேறுபாடாகக் கடந்துவிடக் கூடாது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், நீர்வளப் பணிகளை அப்போது கவனித்த பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்காகவே இயற்றப்பட்டது. எனவே ஒரு ஏரி எந்தத் துறையின் பட்டியலில் இருக்கிறது என்பது அதற்கு எந்தச் சட்டத்தின் துணை உண்டு என்பதையும், பராமரிப்புப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் தீர்மானிக்கிறது. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. நம் ஏரிகள் பல சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலிங்கு வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. மேல் ஏரி ஒன்றியத்திடமும், கீழ் ஏரி நீர்வளத் துறையிடமும், இடையே ஓடும் கால்வாய் வருவாய்ப் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்காகவும் கிடக்க, கீழ் ஏரியை மட்டும் தூர்வாரினால் ஆழமான வறண்ட பள்ளம் ஒன்றுதான் மிஞ்சும்.

ஆய்வுக்கு ஒரு பொருள் தேடுகிறீர்கள் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒன்றியத்தை எடுத்து, கணக்கெடுப்பின் புள்ளிகள், நீர்வளத் துறையின் ஏரிப் பட்டியல், வருவாய்த் துறையின் கிராம வரைபடம் ஆகிய மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றைப் பட்டியலிடுங்கள். எந்தப் பட்டியலிலும் பொறுப்பாளர் இல்லாத நீர்நிலைகள் எவை என்பது அப்போது தெரியும். மாவட்ட நிர்வாகம் முதலில் முடிவெடுக்க வேண்டியது அவற்றைப் பற்றித்தான். அதே கணக்கெடுப்பு, நாட்டின் நீர்நிலைகளில் 1.6 விழுக்காடு மட்டுமே ஆக்கிரமிப்புக்கு உள்ளானதாகச் சொல்கிறது. புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத வரை அந்த எண்ணை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் புதிய துணை சுகாதார நிலையம் எங்கே அமைய வேண்டும் என்பதில் மூன்று ஊர்களுக்குள் இழுபறி. பொதுவில் கிடைக்கும் அரசுத் தரவைக் கொண்டு இதற்கு நடுநிலையான விடை காண முடியுமா? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: முழு விடை கிடைக்காது, ஐயா. மூன்று ஊர்களும் ஒரே கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு வாதாடும் நிலைக்கு வரலாம். அதுவே பெரிய முன்னேற்றம்.

முதலில் எல்லைச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கு ஊரகத் தமிழ்நாட்டில் வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொண்டது. நிர்வாகம் நடப்பதோ ஊராட்சியை அலகாகக் கொண்டு. ஒரு வருவாய்க் கிராமத்தில் இரண்டு ஊராட்சிகள் இருப்பதுண்டு. ஒரே ஊராட்சி இரண்டு வருவாய்க் கிராமங்களில் பரவிக் கிடப்பதும் உண்டு. போதாதென்று, கடைசியாக நடந்து முடிந்த 2011 கணக்கெடுப்பின்போது உங்கள் மாவட்டமே பிறக்கவில்லை. அந்த எண்கள் எல்லாம் விழுப்புரம் மாவட்டத்தின் கீழ் இருக்கும். அன்று 32 ஆக இருந்த மாவட்டங்கள் இன்று 38. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பு ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரு குறியீட்டு எண் தந்திருக்கிறது. ஊரின் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளைப் பொருத்தாமல் அந்த எண்ணை வைத்துப் பொருத்துங்கள். நல்லூர், புதூர், காட்டுக்கொட்டாய் என்ற பெயர்கள் ஒரே ஒன்றியத்தில் எத்தனை முறை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, குடியிருப்புகளும் சாலைகளும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்காக, எந்தச் சாலையை மேம்படுத்தினால் அதிகம் பேருக்குப் பயன் என்று கணக்கிட, நாடு முழுவதும் ஊரகச் சாலைகள், குடியிருப்புகள், பள்ளி, மருத்துவமனை, சந்தை முதலிய வசதிகள் ஆகியவற்றின் இருப்பிடங்கள் திரட்டப்பட்டன. 2022 பிப்ரவரியில் அந்தத் தரவு ஜியோசடக் என்ற தளத்தின் வழியே பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. 25 லட்சம் கிலோமீட்டர் சாலை, 10 லட்சத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள், 8 லட்சத்துக்கு மேற்பட்ட வசதிகள் அதில் உள்ளன. சாலைக்காகச் சேர்த்ததை சுகாதாரத்துக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. தரவைப் பகிர்வதன் நோக்கமே அதுதான்.

துணை சுகாதார நிலையத்துக்கான விதி, சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. உங்கள் மாவட்டத்தில் கல்வராயன் மலையும் இருப்பதால், நீங்கள் சொல்லும் ஊர்கள் எந்தக் கணக்கில் வருகின்றன என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் மூன்று இடங்களுக்கும் உள்ள சாலைத் தொலைவை அளந்து, அதை அந்தக் குடியிருப்பின் மக்கள்தொகையால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். நேர்கோட்டுத் தொலைவை எடுக்க வேண்டாம். இடையே ஆறோ காப்புக்காடோ இருந்தால் படத்தில் 2 கிலோமீட்டர் என்று தெரிவது நடையில் 9 கிலோமீட்டராக இருக்கும். கூட்டுத்தொகை எந்த இடத்துக்குக் குறைவாக வருகிறதோ அது முதல் தேர்வு. ஆயினும் மிகத் தொலைவில் உள்ள குடியிருப்புக்கு எவ்வளவு தூரம் என்பதையும் தனியாக எழுதிக் காட்டுங்கள். சராசரி குறைவாக உள்ள இடம் கடைசிக் குடியிருப்பைக் கைவிட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த இரண்டில் எதற்கு முன்னுரிமை என்பதைக் கணக்கு சொல்லாது. ஊர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

2011-இன் மக்கள்தொகையை அப்படியே எடுப்பதும் ஆபத்து. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பிணிகள், குழந்தைகள் பற்றிய நடப்புக் கணக்கு குடியிருப்பு வாரியாக இருக்கும். தனிப் பெயர்கள் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பெறுங்கள். 2027 கணக்கெடுப்பின் முடிவுகள் வந்தால் நிலைமை மேம்படும். அதற்காக 2025 டிசம்பர் 31-இல் நிர்வாக எல்லைகள் உறையவைக்கப்பட்டிருக்கின்றன என்பதால், இடையில் ஊர் எல்லை மாறும் தொல்லையும் இருக்காது.

கேள்வி: அரசு வரைபடங்களைப் பதிவிறக்கி, எங்கள் நுகர்வோர் அமைப்பின் அறிக்கையில் அச்சிடலாமா? முன்பு இதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்பார்களே. – வாசகர், ஈரோடு

பதில்: முன்பு வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 15-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குப் பிறகு, இந்திய நிறுவனங்களும் குடிமக்களும் புவியிடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக் காரணங்களால் விலக்கப்பட்டவை தனி. 2022-இன் தேசிய புவியிடக் கொள்கையும் அதே திசையில் செல்கிறது. அரசின் திறந்த தரவு உரிமத்தின் கீழ் வெளியானவற்றை, மூலத்தைக் குறிப்பிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இணையத்தில் பார்க்கக் கிடைப்பதெல்லாம் அந்த உரிமத்தின் கீழ் வருவதில்லை. தளத்தின் நிபந்தனைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். படத்தின் ஓரத்தில் அதன் அளவை, அது எடுக்கப்பட்ட ஆண்டு, வெளியிட்ட துறை ஆகிய மூன்றையும் அச்சிடத் தவற வேண்டாம். இவை இல்லாத படத்தை எந்த அதிகாரியும் ஒரு வரியில் தள்ளிவிடலாம்.

கேள்வி: நாங்கள் இருப்பது புறம்போக்கில். எங்கள் பகுதியில் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு எவை இல்லை என்று படம் போட்டுத் தரும்படி ஒரு தொண்டு அமைப்பு கேட்கிறது. படம் போட்டால் வசதி வருமா, காலி செய்யச் சொல்லி ஆள் வருமா? – குடியிருப்போர் மகளிர் குழு, சென்னை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. இரண்டும் நடந்திருக்கின்றன.

படத்தில் இல்லாமல் இருப்பதன் விலையை முதலில் சொல்கிறேன். 1971-ஆம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி அந்த ஆண்டில் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் நெடுங்காலம் அந்தப் பட்டியல் நீளவில்லை. நகரமோ நீண்டுகொண்டே போனது. பட்டியலில் இடம்பெறாத குடியிருப்புகள் வசதி கேட்கப் போகும் ஒவ்வொரு மேசையிலும், முதலில் தாங்கள் இருப்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது.

மாறாக, படம் துணை நின்ற வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் சேன்ஸ்வில் நகருக்கு அருகே கோல் ரன் என்ற, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் குடிநீர்க் குழாய் வரவில்லை. மழைநீரைப் பிடித்தும் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தும் வாழ்ந்தார்கள். குழாய் எங்கே போகிறது, எந்த வீட்டுக்கு இணைப்பு உண்டு, அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்ற மூன்று தகவல்களையும் ஒரே படத்தில் வைத்தபோது, வெள்ளையர் வீடுகளுக்கு இணைப்பு போயிருப்பதும் அருகிலேயே கறுப்பினத்தவர் வீடுகள் விடுபட்டிருப்பதும் வெளிப்படையாயின. 2008-இல் வழக்கை விசாரித்த நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) 67 பேருக்குச் சேர்த்து ஏறக்குறைய 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. குழாய்ப் படமும் வீட்டுக் கணக்கும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண அலுவலகத் தகவல்கள்தான். அவற்றை யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்காத வரைதான் பாகுபாடு மறைந்திருந்தது.

உங்கள் விஷயத்தில், நிலத்தின் வகைப்பாட்டை முதலில் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு அல்லாத இடமாக இருந்தால் வசதிப் படம் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். ஆற்றங்கரையோ கால்வாய்க்கரையோ என்றால், நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றிய நீதிமன்ற உத்தரவுகள் கடுமையானவை. அங்கே வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் எந்தப் படத்தையும் வெளியில் கொடுக்காதீர்கள். எந்த நிலையிலும் படத்தில் தெரு வாரியாக எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும்: இந்தத் தெருவில் இத்தனை குடும்பம், இத்தனை குழாய், இத்தனை கழிப்பறை. பெயர், ஆதார் எண், வீட்டின் துல்லியமான இருப்பிடம் ஆகியவை உங்கள் குழுவின் பதிவேட்டிலேயே இருக்க வேண்டும். தொண்டு அமைப்பின் கணினியில் வேண்டாம். இடமாற்றம் தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால் அப்போது தேவைப்படுவது வேறொரு படம். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குச் சென்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கடக்க வேண்டிய தூரம் 20 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் குடும்பங்களின் வேலையிடங்களையும் பிள்ளைகளின் பள்ளிகளையும் இப்போதே குறித்து வைத்துக்கொண்டால், அருகில் இடம் கேட்கும்போது அது பேசும்.

கேள்வி: எங்கள் நகராட்சியில் சொத்து வரிக்காக டிரோன் மூலம் எடுத்த படம் இருக்கிறது. அதைக் கொண்டே மழைநீர் வடிகால் திட்டமிடலாம், தனியாக அளவை தேவையில்லை என்கிறார்கள். சரியா? – நகர்மன்ற உறுப்பினர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: பாதி சரி. கூரைகளின் பரப்பு, தெருக்களின் அகலம், காலி மனைகள், தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் மூடிய பகுதி ஆகியவற்றை அந்தப் படத்திலிருந்து எடுக்கலாம். எவ்வளவு மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடும் என்று கணக்கிட அவை வேண்டும். வடிகாலுக்கு இன்றியமையாத தகவல் உயரம். வரிக்காக எடுத்த படத்தில் உயரம் நம்பத்தகுந்த முறையில் பதிவாகியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

உங்கள் கடலோரச் சமவெளியில் இது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் கட்டும் வடிகால் ஒரு கிலோமீட்டர் ஓடி ஒரு மீட்டர்தான் இறங்கும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகள், அதாவது 2000-இல் விண்கலத்திலிருந்து அளந்த எஸ்.ஆர்.டி.எம். தரவும் புவனில் உள்ள இந்தியாவின் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் தரவும், 30 மீட்டருக்கு ஓர் எண் தருபவை. பிழையோ பல மீட்டர் வரை போகும். ஊரின் மொத்த ஏற்ற இறக்கத்தைவிடப் பிழை பெரிதாக இருக்கும் தரவைக் கொண்டு வடிகால் போட்டால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது கான்கிரீட் இறுகிய பிறகுதான் தெரியும். மட்டக் கருவி வைத்து, நில அளவைத் துறையின் நிலைக்குறியோடு (உயரம் துல்லியமாகத் தெரிந்த அடையாளக் கல்) இணைத்து எடுக்கும் மட்டங்களோ, லேசர் ஒளியால் உயரம் அளக்கும் லைடார் அளவையோ கட்டாயம் தேவை. 2025 பிப்ரவரியில் 152 நகர்ப்புற உள்ளாட்சிகளில் தொடங்கிய நக்ஷா என்ற நகர்ப்புற நில அளவைத் திட்டத்தில் உங்கள் நகராட்சி சேர்ந்திருக்கிறதா என்று ஆணையரிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தால் அந்தத் தரவில் உயரம் எந்த அளவுக்குத் துல்லியமாக எடுக்கப்படுகிறது என்றும் கேளுங்கள்.

மன்றத்தில் வைக்க இன்னும் மலிவான ஒரு படம் உண்டு. நகர நில அளவைப் பதிவேட்டில் வாய்க்கால் என்று இருக்கும் புலங்களை ஒரு நிறத்திலும், கடந்த சில ஆண்டுகளில் தண்ணீர் தேங்கியதாகப் புகார் பதிவான தெருக்களை வேறு நிறத்திலும் குறித்து, இரண்டையும் ஒரே தாளில் பாருங்கள். பழைய வாய்க்காலின் மேலேயே புகார்கள் வரிசையாக விழுந்திருந்தால், புதிய வடிகாலுக்கு நிதி கேட்கும் முன் அந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று கேட்க வேண்டியிருக்கும். ஒப்பந்தப்புள்ளியைவிட இந்தக் கேள்வி சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதையும் தெரிந்தே சொல்கிறேன்.

கேள்வி: அரசுப் படத்தில் எங்கள் ஊர்ச் சாலை தவறான இடத்தில் இருக்கிறது, பள்ளியே விடுபட்டிருக்கிறது. யாரிடம் சொல்வது? – வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: படத்தைக் காட்டும் தளத்திடம் சொல்லிப் பெரும்பாலும் பயனில்லை, அந்த அடுக்குக்குப் பொறுப்பான துறையிடம் சொல்ல வேண்டும். புல எல்லை என்றால் வட்டாட்சியர். ஊரகச் சாலை என்றால் அதைப் பராமரிக்கும் ஒன்றிய அலுவலகமோ நெடுஞ்சாலைத் துறையோ. பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். மனுவில் படத்தின் பெயர், நீங்கள் பார்த்த தேதி, சரியான இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரில் எடுத்த ஒளிப்படம் ஆகியவற்றை இணைத்து, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடும் கிராம சபைகளில் ஒன்றில் இதைத் தீர்மானமாக்கிவிட்டால் மனுவுக்கு எடை கூடும். பதில் வராவிட்டால், திருத்தத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாள்களுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.